அக்கா பேசியதெல்லாம்

குரல்வளையை எடுத்துவிட வேண்டும், அதற்கப்புறம் பேச்சு வராது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அக்கா வாயை மூடவே இல்லை. செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். சாமியோ யானையோ, கையில் இருப்பதைத் திட்டிக்கொண்டேதான் எழுதுவாள். லீவு போட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தபின், திட்டுவதற்கு நான் கிடைத்தேன்.

ஒருநாள் அவள் பேச்சைப் போனில் பதியப் பார்த்தேன்.

"டேய், என் தொண்டைய அதுல அடைச்சி வெக்கப் போறியா? போன ஒடச்சிப்புடுவேன். வேணும்னா எழுதிக்க. நீதான் பெரிய எழுத்தாளராச்சே."

உட்கார்ந்து எழுதப் பொறுமை இல்லாத ஆள் நான். அதற்கென்றே லேப்டாப்பில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். கறுப்புத் திரையில் 'குறி' என்று அடித்து, பக்கத்திலேயே வாக்கியத்தையும் அடித்து என்டர் தட்டினால், தேதியோடு டைரிக் கோப்பின் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும். 'சேர்ந்தது' என்று மின்னும். கோப்பைத் திறக்கவே வேண்டாம்.

அடுப்படியிலிருந்து அவள் கத்துவாள், நான் தட்டுவேன். திட்டக்குடி பஸ்ஸில் சீட்டுக்குப் போட்ட சண்டை. பெண் பார்த்துவிட்டுத் திரும்பி வராத மாப்பிள்ளையைப் பற்றிய கேலி. பயம் வந்த அன்று பயத்தையே வைத வசவு. சேர்ந்தது, சேர்ந்தது, சேர்ந்தது.

"எழுதிக்கிட்டியா? ஒரு எழுத்து வுடக் கூடாது."

ஆபரேஷன் முடிந்து வந்தாள். கழுத்தில் ஒரு துளை. கையில் எழுதிக் காட்ட ஒரு சின்ன வெள்ளைப் பலகை. வந்ததும் எழுதினாள்: "நான் பேசுனத காட்டு."

கோப்பைத் திறந்தேன்.

தேதி, அக்கா. தேதி, அக்கா. தேதி, அக்கா.

பக்கத்தில் வேறெதுவும் இல்லை. கீழே இழுத்தேன், இன்னும் கீழே. அக்கா, அக்கா, அக்கா. சந்தையில் கைநழுவிப்போன பிள்ளை நின்ற இடத்திலேயே நின்று கூப்பிடுகிறாற்போல. காது அடைத்துக்கொண்டது.

ஸ்கிரிப்டைப் பார்த்தேன். 'குறி'க்கு அடுத்து அடிப்பதில் முதல் சொல்லை மட்டும் எடுக்கும்படி எழுதித் தொலைத்திருக்கிறேன். செய்த அன்று 'சோதனை' என்று ஒற்றைச் சொல்லை அடித்துப் பார்த்தேன், சரியாகச் சேர்ந்தது, நம்பிவிட்டேன். என் வாக்கியமெல்லாம் 'அக்கா சொன்னாள்', 'அக்கா வைதாள்' என்றுதான் ஆரம்பிக்கும். மிச்சத்தை வழியிலேயே கொட்டிவிட்டு, சேர்ந்தது என்று அது என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறது. கறுப்புத் திரையில் அடித்த பழைய வரிகள் லேப்டாப்பில் எங்காவது தங்கியிருக்குமா என்று தோண்டினேன். ஆபீஸ் வேலைக்காக அடித்தவை மேலே விழுந்து எல்லாவற்றையும் தள்ளிவிட்டிருந்தன.

அக்கா திரையைப் பார்த்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிப்போனேன். சிரிக்கிறாள்! தெருமுனை வரைக்கும் கேட்கிற சிரிப்பு அவளுடையது. இப்போது துளையில் காற்று மட்டும் புஸ்ஸென்றது.

"ஞாபகத்துல இருந்து எழுதிடறேங்க்கா."

ஸ்கிரிப்டைத் திருத்தினேன். அடித்தேன்: 'அக்கா சொன்னாள், பயம் ஒரு பூனை, காலடியிலேயே சுற்றுகிறது.' இல்லை என்று தலையாட்டினாள். இன்னொன்று. இல்லை. அடுத்ததை முடிப்பதற்குள் என் கையைத் தட்டிவிட்டுப் பலகையை எடுத்தாள்.

"நான் இவ்ளோ அழகா பேச மாட்டன்டா."

திடுக்கிட்டேன். போனை உடைப்பேன் என்றது மாதிரி ஒன்றிரண்டு போக, அவள் வாயிலிருந்து விழுந்தபடி ஒரு வாக்கியம்கூட என்னிடம் இல்லை. இருந்ததெல்லாம் நான் மெருகு போட்டது.

"அப்ப நீ என்னதாங்க்கா சொன்ன?"

பலகையைத் துடைத்தாள். பேனாவைப் பலகைக்குக் கொண்டுபோனாள். பேனா அங்கேயே நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அவளுக்கும் ஞாபகம் இல்லை.