செடியில் ஓடிய பஸ்

எங்கள் டிரைவரை ஊரே சுடுதண்ணி என்றுதான் கூப்பிடும். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபப்பட மாட்டார். கோபப்படுவது எங்கள் பஸ்ஸில் என் வேலை. படியில் தொங்குகிறவன், சீட்டு முழுக்க மூட்டையைப் பரப்பி வைக்கிறவள், இறங்கும் இடம் தாண்டியபின் விசிலடிக்கச் சொல்கிறவன், எல்லோரிடமும் கண்டக்டரான நான்தான் கத்துவேன். அவர் முன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "விடுறா, போகட்டும்" என்பார். நான் மட்டும் அவரை அண்ணே என்பேன். இத்தனை காலம் ஒரே வண்டியில் காலம் தள்ளியாயிற்று, வேறெப்படிக் கூப்பிடுவது?

அந்தப் பட்டப்பெயர் கம்பெனி வந்த பிறகு வந்தது. காட்டாமணக்கு விதையில் எண்ணெய் எடுத்து வண்டி ஓட்டப் போகிறோம் என்று வந்தார்கள். மனுஷன் தின்னாத செடி, ஆடுமாடு வாய் வைக்காத செடி, எதற்கும் ஆகாத கல்லாங்காட்டில்கூட வரும், தண்ணீர் விட வேண்டாம், டீசலுக்கு எவன் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். சும்மா சொல்லக்கூடாது, கேட்க நன்றாகத்தான் இருந்தது. வயிற்றுக்குப் போகிற எதையும் தொடாமல் வண்டிக்குத் தீனி போடலாம் என்றால் யாருக்குக் கசக்கும்?

கம்பெனியின் ஃபீல்டு ஆபீசர் வேறு யாருமில்லை, அண்ணனுடைய மனைவியின் தம்பி. தாயில்லாப் பிள்ளையான அவனை அண்ணிதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகி அவள் வந்தபோது அவனும் கூடவே வந்துவிட்டான். படிக்க வைத்தது, காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது, வேலைக்குப் போக முதல் முழுக்கைச் சட்டை தைத்துக் கொடுத்தது எல்லாம் அண்ணன். அவன் "மாமா" என்று இழுத்துக் கூப்பிட்டால் இவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். எனக்கு அவனை எப்போதுமே ஆகாது. காரணம் கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. டிக்கெட் கேட்டால் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பான், அதுதான்.

எங்கள் பஸ்ஸைத் தேர்ந்தெடுத்தவனும் அவன்தான். வண்டிக்குப் பச்சை பெயிண்ட் அடித்து, பக்கவாட்டில் ஆளுயரத்துக்கு ஓர் இலை வரைந்து, "இது செடியில் ஓடும் பஸ்" என்று எழுதினார்கள். ஷெட்டில் ஒரு பச்சை டிரம் வந்து இறங்கியது. பாதி டீசல், பாதி காட்டாமணக்கு எண்ணெய் என்றார்கள். ஓடியதா என்றால், ஓடியது. ஏற்றத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கும், ஆனால் கரும்புகை நின்றுவிட்டது. பின்னாலிருந்து வாணலியில் எதையோ பொரிக்கிற வாசனை வரும். காலையில் சாப்பிடாமல் ஏறுகிறவர்கள் என்னைத் திட்டுவார்கள்.

குளிர்காலம் வந்ததும் எண்ணெய் தன் குணத்தைக் காட்டியது. குளிரில் கெட்டியாகிவிடும். ஒருநாள் காலை, ஆஸ்பத்திரிக்குப் போகிற கூட்டத்தோடு பாதி மேட்டில் வண்டி இருமி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். வேறொருவராக இருந்தால் டிரம்மையே திருப்பி அனுப்பியிருப்பார். அண்ணன் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். விடிவதற்குள் அண்ணி பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க வைப்பாள். வீடு ஷெட்டை ஒட்டியே இருந்தது. அவர் பானையைத் துணி சுற்றித் தூக்கி வந்து, எண்ணெய் கேனைத் தொட்டியில் உட்கார வைத்து, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி மேலே ஊற்றுவார். ஃபில்டருக்கும் பைப்புக்கும் சாக்கு கட்டி அதன் மேலும் ஊற்றுவார். கேனைத் தொட்டுப் பார்த்து, இளகிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் டாங்கியைத் திறப்பார். வண்டி முனகி, செருமி, கடைசியில் கிளம்பும். சுடுதண்ணி என்று பெயர் வைத்தவன் நான்தான். பயணிகள் பிடித்துக்கொண்டார்கள்.

அவருக்கு அதில் ஒரு பெருமை. முதல் டிரம்மிலிருந்து ஒரு சீசா எண்ணெய் எடுத்து ஸ்டியரிங் பக்கத்தில் வைத்திருந்தார். ஏறுகிறவர்களிடம் தூக்கிக் காட்டுவார். அடியில் வெள்ளையாக உறைந்திருந்தால், "குளிருது பாருங்க அவனுக்கு" என்பார்.

ஆபீசர் கூட்டம் போட்டு அண்ணனை மேடையில் ஏற்றினான். அவருக்குப் பேச வராது. மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நான் தினமும் ஓட்டுறேன். ஓடுது. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அது போதுமாக இருந்தது. பிரேக் சரியில்லை என்று இவர் சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் இறங்கி நடக்கிற ஜனங்கள் அவர்கள். அடுத்த மழைக்கு அத்தனை கல்லாங்காட்டிலும் காட்டாமணக்கு நின்றது. அண்ணனின் அக்காவும் நட்டாள். புருஷனை இழந்து தனியாகப் பாடுபடுகிறவள். அவளுக்கு இரண்டு துண்டு நிலம். ஆடு மேய்க்கிற மேட்டு நிலம் ஒன்று, கிணற்றை ஒட்டி மக்காச்சோளம் போடுகிற நிலம் ஒன்று. மேட்டு நிலத்தில் செடி வைத்ததும் மேய்ச்சல் போய்விட்டது, ஆடுகளை விற்றுவிட்டாள். மிச்சம் இருந்தது சோளம்தான். அவள் வீட்டு அடுப்பு அதை நம்பித்தான் எரிந்தது.

செடியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொன்னபடி சாகாமல் நின்றது, பச்சைப்பசேல் என்று. ஆனால் காய்க்கவில்லை. சாகாமல் இருப்பது வேறு, காய்ப்பது வேறு என்று யாரும் சொல்லித் தரவில்லை. காய்த்த கொஞ்சமும் ஒரே சமயத்தில் பழுக்காது. ஒரே குலையில் ஒன்று கறுத்திருக்கும், ஒன்று மஞ்சளாக இருக்கும், ஒன்று இன்னும் பிஞ்சாக இருக்கும். அதே செடியிடம் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். விரல் தேயப் பொறுக்கினாலும் மூட்டை நிறையாது. எண்ணெய் எடுத்த பிண்ணாக்கு விஷம், மாட்டுக்கும் வைக்க முடியாது.

இப்போது ஆபீசர் பாட்டை மாற்றினான். நல்ல மண்ணில், தண்ணீர் விட்டு, உரம் போட்டால் காய்த்துக் கொட்டும் என்றான். தண்ணீரே வேண்டாம் என்று வந்த செடி, கிணற்றடிக்கு வழி கேட்டது. அண்ணனின் அக்கா சட்டென்று தலையாட்டவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு வந்து தம்பியைக் கேட்டாள்.

"வண்டி எப்படிடா ஓடுது?"

"போன வருஷத்தைவிட நல்லா ஓடுதுக்கா. அந்தப் பொரிக்கிற வாசனைகூட இல்ல. இப்பல்லாம் சுத்தமா வடிகட்டுறாங்களாம், மாப்ள சொன்னான்."

செடிக்கு இடம் விட, அக்கா சோளத்தை வெட்ட ஆளுக்குச் சொல்லிவிட்டாள்.

வெட்ட வேண்டிய அன்றைக்குக் காலையில்தான் அது நடந்தது. நல்ல குளிர். பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. அண்ணிக்குக் கடுமையான காய்ச்சல், எழுந்திருக்கவில்லை. அண்ணனே அடுப்பைப் பற்ற வைக்கப் போனார், கேஸ் தீர்ந்து கிடந்தது. ஸ்டாண்டில் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. "கிளம்பாதுடா, தெரியும். இருந்தாலும் பார்ப்போம்" என்று கேனை அப்படியே டாங்கியில் கவிழ்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார்.

முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது. முனகலும் இல்லை, செருமலும் இல்லை.

நான் கைதட்டினேன். "அண்ணே, வண்டிக்கே ரோஷம் வந்துடுச்சு!" என்றேன். அவர் சிரிக்கவில்லை. வண்டியை அணைத்தார். மறுபடி திருப்பினார். மறுபடி கிளம்பியது. பக்கத்திலிருந்த சீசாவைக் கையில் எடுத்துச் சாய்த்தார். அதில் எண்ணெய் உறைந்துபோய் நகரவே இல்லை. இறங்கிப் போய் டிரம்மின் குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்தார். தண்ணீர் மாதிரி விரலிடுக்கில் ஒழுகியது. முகர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினார். அசல் டீசல். முழுக்க டீசல்.

அவ்வளவு நாளும் அந்த மனுஷன் விடியற்காலையில் குந்தி உட்கார்ந்து டீசலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பச்சை டிரம்மை எட்டி உதைத்தேன். கால்தான் வலித்தது.

அவர் அந்த டிரிப்பை ஓட்டி முடித்தார். காத்திருந்தவர்களை விட்டுவிட்டுப் போக அவருக்கு வராது. திரும்பி வந்ததும் வண்டியைக் கம்பெனி ஆபீஸ் வாசலிலேயே நிறுத்தினார். ஆபீசர் மேஜையின் மேல் உறைந்த சீசாவை வைத்தார். பக்கத்தில், டிரம்மிலிருந்து பிடித்து வந்த இன்னொரு சீசாவை வைத்தார்.

"மாப்ள, டிரம்முல என்ன இருக்கு?"

"என்ன மாமா புதுசா கேக்குறீங்க? நம்ம எண்ணெய்தான்."

"பார்த்துச் சொல்லு."

அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"விதை வரல மாமா. மொதல்ல வந்தது வெளியிலிருந்து வாங்கின எண்ணெய். அதுவும் நின்னுபோச்சு. எண்ணெய் மில்லு ஓடவே இல்ல. பஸ் டீசல்ல ஓடுதுன்னு தெரிஞ்சா ஜனங்க மறுநாளே செடியைப் பிடுங்கிடுவாங்க. கொஞ்சம் பொறுத்தா நெஜமாவே காய்ச்சிடும், அப்ப டிரம்முலயும் நெஜமாவே..."

"ஊருக்குப் பொய் சொல்லணும்னா நீ சொல்லியிருக்கலாமே. என் வாயால எதுக்குடா சொல்ல வெச்ச?"

"வேற யார் சொன்னா நம்புவாங்க மாமா?"

அவன் அதைப் புகழ்ச்சி மாதிரிச் சொன்னான். நான் மேஜையைத் தாண்டியிருப்பேன், அண்ணன் கையால் என்னைத் தடுத்துவிட்டார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லலாம்னுதான் வந்தேன். எங்க அக்காதான் வேணாம்னாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே வண்டியை நிறுத்திடுவீங்களாம்."

அதுவரை நிமிர்ந்து நின்ற மனுஷர் அப்போதுதான் நாற்காலியைத் தேடினார். உட்காரவில்லை, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். சீசா இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தார்.

வீட்டில் அண்ணி போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். நான் வாசலோடு நின்றுகொண்டேன். குரல் தெளிவாகக் கேட்டது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கேட்க இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

"உனக்குத் தெரியுமா?"

அவள் இருமிக்கொண்டே எழுந்து உட்காருவது கேட்டது. பிறகு, "வேலை போயிடும்னு என் மடியில விழுந்து அழுதான்ங்க" என்றாள்.

"சரி. அப்புறம் எதுக்குத் தினம் எழுந்து தண்ணி வெச்ச?"

"நிறுத்தினா உங்களுக்குச் சந்தேகம் வருமே."

அவர் வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. தம்பிக்காரன் ஏமாற்றியதைக்கூட அவர் எப்படியாவது விழுங்கியிருப்பார். இவள் உறைகிற குளிரில் எழுந்து, ஒன்றுமில்லாத காரியத்துக்காகத் தண்ணீர் கொதிக்க வைத்து, "பார்த்துத் தூக்குங்க, சுடும்" என்று வேறு சொல்லி அனுப்பியிருக்கிறாள். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? எனக்குத் தெரிந்து அவர் அடுத்த டிரிப்பை எடுக்காமல் போன ஒரே நாள் அதுதான். என் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி, "அக்கா காட்டுக்கு விடுறா, சீக்கிரம்" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் வெட்டத் தொடங்கியிருந்தார்கள். வரப்போரமாகக் கொஞ்சம் சோளம், கதிர் பிடிக்காத பச்சைத் தட்டையாகச் சாய்ந்து கிடந்தது. அண்ணன் வரப்பில் வழுக்கிக்கொண்டே ஓடினார்.

"அக்கா, நிறுத்தச் சொல்லு! நிறுத்தச் சொல்லுக்கா!"

அக்கா அவர் முகத்தைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள். அரிவாள்கள் நின்றன. அங்கேயே, சோளத்துக்கு நடுவில் நின்று, ஒன்றையும் பூசி மெழுகாமல் சொன்னார். பஸ் செடியில் ஓடவில்லை, டீசலில்தான் ஓடியது, மேடையில் தான் சொன்னது பொய், ஸ்டாப்பில் சொன்னதும் பொய், தனக்கே தெரியாமல் சொன்ன பொய் என்றார். மச்சினன் பெயரையும் மறைக்கவில்லை.

அக்கா ஒப்பாரி வைப்பாள், வாரித் தூற்றுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் ஆட்களைப் பார்த்து, "வீட்டுக்குப் போங்கப்பா, இன்னிக்கு வேலை இல்ல" என்றாள். அப்புறம் மேட்டு நிலத்தைப் பார்த்தாள். ஆடு மேய்ந்த இடத்தில் செடி அடர்த்தியாக நின்றது.

"நான் அந்தச் செடியை நம்பலடா" என்றாள். "அந்த ஆபீசர் பயலையும் நம்பல. நீ சொன்ன, நட்டேன்."

அண்ணன் தலை கவிழ்ந்து நின்றார். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் இதையே கேட்க வேண்டியிருக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்கா கிட்டே வந்து அவர் சட்டைத் தோளில் ஒட்டியிருந்த சோளத் தூசியைத் தட்டிவிட்டாள்.

"இது உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுவது என்றுதான் அவர் வந்திருந்தார்.

"தெரியாதுக்கா."

"அந்த மட்டும் போதும்" என்றாள் அக்கா. "கூடப் படுக்கிறவளும் சேர்ந்து ஏமாத்தியிருந்தா, நீ எங்கடா போவ?"