திரேசா அக்காவின் மூச்சும் ஒரு வான் பற்றறியும்

மடு மாதா கோயில் திருவிழாவுக்கு ஒன்றாகக் கூடாரம் அடிக்கும் எங்கள் முல்லைத்தீவுக் குடும்பங்கள் கடந்த மாதம் கூடி, நீண்ட ஆலோசனைக்குப் பின், தேங்காய்ச் சம்பலை இம்முறையும் உரலில்தான் இடிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தன. ஆண்டுதோறும் இதை முன்மொழிபவர் பெனடிக்ற் அண்ணை. அன்று அவர் வரவில்லை. கூட்டம் கலையுமுன் அவருடைய மனைவி திரேசா அக்காவின் அழைப்பு எனக்கு வந்தது.

"அவர் போயிற்றார் தம்பி. மத்தியானம் சாப்பிட்டு, கோப்பையும் கழுவி வைச்சிட்டுக் கதிரையில சாய்ஞ்சவர். ஒரு கஷ்டமும் படேல்லை."

இருதய நோயைவிட ஆஸ்பத்திரிக் குழாய்களுக்கே அதிகம் பயந்தவர் அவர். எங்களுக்கு அழுகைக்கு முன்னரே ஆறுதல் வந்துவிட்டது.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய வான் வண்டியையும் தெரியும். அதன் பற்றறியிலிருந்து இரண்டு வயர்கள் இன்வேட்டர் பெட்டிக்குப் போகும். அக்காவின் இழுப்புக்கு மருந்துப் புகை கொடுக்கும் இயந்திரம் கூடாரத்திலும் ஓட வேண்டும் என்பதற்காக வாங்கிய பெட்டி. ஆனால் பக்கத்துக் கூடாரத்துப் போன்கள், மின்விசிறிகள், பூசைக்குப் போகுமுன் சட்டை அழுத்தும் ஆசைகள் எல்லாம் அதைத் தேடி வந்தன. ஏன் எல்லாருக்கும் கொடுக்கிறீர்கள் என்று கேட்டால், "நான் சீதனமா வாங்கின கரண்டே?" என்பார்.

ஒரு வருடம் அக்காவின் தங்கை சம்பல் அரைக்க மிக்சி கொண்டுவந்தா. அதை அந்தப் பெட்டியில் கொளுவி அத்தனை கூடாரங்களுக்கும் அரைத்தா. பிற்பகலில், புழுதி கிளம்பி அக்காவுக்கு மூச்சு முட்டியது. அண்ணை இயந்திரத்தைக் கொளுவினார். பெட்டி கீச்சிட்டு அணைந்தது. சாவியைத் திருப்பினார்; வானிலிருந்து 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. அக்காவின் உதடுகள் கறுத்துக்கொண்டிருந்தன.

அண்ணை யாரையும் ஏசவில்லை. வெளியே வந்து, "சம்பல் திண்ட ஆக்கள் எல்லாரும் வாங்கோ, தள்ளுங்கோ" என்றார்.

ஒருவர் மிச்சமில்லாமல் வந்தார்கள். மணலில் வானைத் தள்ளினோம். தள்ளியவர்களின் போன்கள் எல்லாம் நூறு வீதம் சார்ஜில் இருந்தன. மூன்றாவது முயற்சியில் எஞ்சின் பிடித்தது, இயந்திரம் புகைவிட்டது. மெல்ல மெல்ல அக்காவின் நெஞ்சு இறங்கியது. முகமூடியை விலக்கி அவா சொன்ன முதல் வார்த்தை, "சம்பலுக்கு உப்புக் கூடிப்போச்சு."

அண்ணை வானுக்குப் பின்னால் போய் நின்று அழுதார். அதன்பின் அவருக்கு ஒரே சட்டம்தான்: "முதல் மூச்சு, பிறகு போன்."

அந்தச் சட்டமும் அந்தப் பெட்டியும் இப்போது என்னிடம் இருக்கின்றன. இம்முறை மடுவில் அக்காவுக்கு இரண்டு தடவை இயந்திரம் தேவைப்பட்டது. வான் சாவியிலேயே ஸ்டார்ட் ஆனது. சம்பலில் உப்புக் குறைவாக இருந்தது.