ஐந்து பத்து பஸ்

"செங்குட்டுவன் பேசறேங்க, பிளாட் நம்பர் நாப்பத்திரண்டு" என்று செல்போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, மறு கையால் காருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறார். நகரின் வாட்ஸ்அப் குழுவில் மற்றவர்கள் எழுதுவார்கள். பூங்கொத்தும் கும்பிடும் கையும் அனுப்புவார்கள். செங்குட்டுவன் பேசித்தான் அனுப்புவார். குறைந்தது இரண்டு நிமிடம். நடுவில் அவர் மனைவி ஆதிலட்சுமி, "மொதல்ல அந்தக் கொழாய மூடுங்க" என்று அதட்டுவதும் அறுபத்தெட்டு வீடுகளுக்கும் சேர்ந்தே போகும்.

இன்றைய விஷயம் லுங்கி. "முன்பக்க பால்கனில என் லுங்கி காயுதுன்னு நேத்து போட்டா போட்டிருந்தீங்க. நல்லா தெளிவா வந்திருக்குது. காலை வெயிலு எனக்கு முன்பக்கந்தாங்க அடிக்குது. சூரியனப் பின்பக்கமா வரச்சொல்லி சங்கத்துலேர்ந்து ஒரு லெட்டர் போட்டீங்கன்னா, நானும் கொடிய மாத்திக் கட்டிக்கிறேன். நன்றி, வணக்கம்."

நெய்வேலி டவுன்ஷிப்பின் குவார்ட்டர்ஸ் யாருக்கும் சொந்தமில்லை. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அப்படிக் கிளம்பியவர்களும், கிளம்பப்போகிறவர்களும் வெளியே வாங்கிக் கட்டிய மனைகளில் ஒன்றுதான் இந்தக் குபேரன் நகர். முப்பது வருட உழைப்பு இங்கே கிரானைட்டாக மாறி நிற்கிறது. வீட்டுக்கு மூன்று குளியலறை, குளிக்க இரண்டு பேர். பிள்ளைகள் பெங்களூரிலும் டல்லாஸிலும் இருக்கிறார்கள். தெருவில் நாய் குரைத்தால் அதற்கும் குழுவில் புகார் வரும். ஒவ்வொரு மாடியிலும் நாக்கைத் துருத்திய பூசணிக்காய் பூதம் தொங்குகிறது. யார் கண் பட்டுவிடும் என்று இவ்வளவு பயமோ தெரியவில்லை. தெருவில் பார்க்க ஆளே கிடையாது.

செங்குட்டுவன் வீட்டில் பூசணிக்காய் இல்லை. கேட்டவர்களிடம், "பூசணிக்கா சாம்பாருக்கு வேணுங்க" என்றார். கேட்டைத் தாழ் போடுவதும் இல்லை. மாம்பழத்தைத் தெருவில் நின்று, முழங்கை வரை சாறு ஒழுகத் தின்பார். வயது ஐம்பத்து நான்கு. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். "பதினோரு வருசம் கான்ட்ராக்ட்டு, பதினெட்டு வருசம் பர்மனென்ட்டு" என்று மூச்சுவிடாமல் சொல்வார்; முதல் கணக்கை ஒருபோதும் விடமாட்டார்.

புதுமனைப் புகுவிழாவுக்கு வந்தவர்கள் கேசரியைச் சாப்பிடுவதற்கு முன், "சாருக்குச் சொந்த ஊர் எது?" என்று விசாரித்தார்கள். இந்தக் கேள்விக்கு ஊர்ப்பெயர் மட்டும் பதில் அல்ல என்பது கேட்பவர்க்கும் தெரியும், சொல்பவர்க்கும் தெரியும். செங்குட்டுவன் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் மதிலுக்கு அப்பால் கை காட்டினார். "அதோ தெரியுது பாருங்க வாட்டர் டேங்கு, அதுக்குப் பின்னாலதான். காலனி. இந்த எடம் முந்திரிக்காடா இருந்தப்ப எங்கம்மா இங்கதான் கூலிக்குக் கொட்டை பொறுக்கிச்சி." அன்று கேசரி நிறைய மீந்துபோனது.

அந்தத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழேதான் ஷிப்ட் பஸ் நிற்கும். காலை ஐந்து பத்துக்கு வரும். செங்குட்டுவன் வீட்டுப் பக்கச்சுவரிலிருந்து அது இருபது தப்படி தூரம். ஆனால் நடுவில் மதில் இருக்கிறது. நகருக்கு ஒரே வாசல், அதுவும் வடக்கே. வடக்குதான் குபேர திசை என்று வாஸ்துக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்தாராம். தெற்கே ஒரு துளைகூட ஆகாதாம். தெற்கே காலனி இருப்பது வாஸ்துக்காரருக்கு முன்பே தெரியுமா என்பதை யாரும் கேட்கவில்லை. விளைவு, இஞ்சினியரிங் படித்தவர்கள் நிறைந்த அந்த நகரே விடியற்காலையில் ஒரு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு வந்து பஸ் ஏறியது.

சங்கக் கூட்டத்தில் செங்குட்டுவன் எழுந்து, "மதில்ல மூணடிக்கு ஒரு கேட்டு வெச்சிட்டா போதுங்க. கொத்தனார் கூலி நானே தரேன்" என்றார்.

செயலாளர் தெய்வசிகாமணி பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவர் ஏற வேண்டிய பஸ் எதுவும் இல்லை. "தெக்கால வாசல் வெச்சா குடும்பத்துக்கு ஆகாது, செங்குட்டுவன்" என்றார்.

"தெக்கால இருக்கிற குடும்பங்க எல்லாம் நல்லாத்தான் இருக்குது சார். எங்க அக்கா வூடு அங்கதான்."

கூட்டம் தேநீரைக் குடித்தது. மதிலில் வழி திறப்பதற்குப் பதிலாக, பஸ் நிற்கும் இடத்தையே வடக்கு வாசலுக்கு மாற்றக் கேட்டு, பஸ் ஓட்டும் ஒப்பந்தக்காரருக்கு மனு தயாரானது. பாதுகாப்பு, தூசி, சுகாதாரம் என்று மூன்று காரணங்கள் எழுதியிருந்தார்கள்.

எழுதாமல் விட்டது வெண்மதியை. செங்குட்டுவனின் அக்கா மகள். அவளும் காலனிப் பெண்கள் நால்வரும் அதே சுரங்கத்தில் ஒப்பந்தத் துப்புரவு வேலை செய்கிறார்கள். தொட்டியடியில் நின்றால், டிரைவர் படியிலாவது ஏற்றிக்கொள்வார். ஆறு மணிக்குள் வருகைப் பதிவு. தாண்டினால் மேஸ்திரி திருப்பி அனுப்பிவிடுவார். மூன்று முறை திரும்பினால் வேறு ஆள். சீக்கிரம் கிளம்பவும் வழியில்லை. காலனிக் குழாயில் தண்ணீர் வருவதே நாலரையிலிருந்து ஐந்து வரைதான்.

கையெழுத்துக்குத் தெய்வசிகாமணியே நேரில் வந்தார். "உங்க பொண்ணு நந்தினி நிச்சயதார்த்தத்துக்கு நம்ம நகர் ஹால் கேட்டிருந்தீங்களே. குடுத்துரலாம்" என்று சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். பக்கத்தில் மனுவை வைத்தார்.

அந்த ஹாலில் குளிர்சாதன வசதியும் மெத்தை நாற்காலிகளும் உண்டு. காலனியிலிருந்து தன் சனத்தை எல்லாம் அழைத்து வந்து, வடக்கு வாசல் வழியாகவே நடத்திப் போய், அந்த நாற்காலிகளில் உட்கார வைக்கவேண்டும் என்பது செங்குட்டுவனின் ஒரு வருட ஆசை. பேனாவை வாங்கினார். திறந்தார். மூடினார்.

"சாவிய எடுத்துக்கினு போங்க சார்."

"ஒருத்தர் போடலேன்னா நின்னுடுமா? முப்பத்தொரு பேர் போட்டாச்சு."

"நிக்காதுங்க. ஆனா முப்பத்திரண்டாவதா என் பேர் இருக்காதுல்ல?"

ஹாலுக்குத் திடீரென்று பெயின்ட் வேலை வந்தது. நிச்சயதார்த்தம் மந்தாரக்குப்பத்து மண்டபத்தில் நடந்தது. செங்குட்டுவன் நகர் முழுவதையும் குரலிலேயே அழைத்தார்: "ஹால்ல பெயின்ட் வாசன அடிக்குதாம், அதனால எடம் மாத்தியிருக்குது. சோறு அதே சோறுதாங்க, தாராளமா வாங்க." அறுபத்தேழு வீடுகளில் ஒன்பது வந்தன.

போன திங்கட்கிழமை முதல் பஸ் வடக்கு வாசலில் நிற்கிறது. அன்று செங்குட்டுவன் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியே மதில் முனையைப் பார்த்தார். வெண்மதி அப்போதுதான் அந்த முனையைத் திரும்பி ஓடி வந்தாள். பஸ் கிளம்பிவிட்டது. "நிறுத்துப்பா" என்று அவர் கத்தியதை டிரைவர் கேட்கவில்லை. "டைம் ஆச்சிப்பா, போ போ" என்ற முன்சீட்டுக் குரல்களைத்தான் கேட்டார்.

மதியம் வீட்டுக்கு வந்தபோது ஆதிலட்சுமி சோற்றுத் தட்டை வைத்துவிட்டு நின்றாள். "அஞ்சு பொண்ணுங்களும் ஆட்டோ தேடிப் புடிச்சி லேட்டாப் போயி, மேஸ்திரி தொரத்தி, வூட்டுல உக்காந்துகினு இருக்குதுங்க. நீங்க மட்டும் ஜம்முனு ஏறிப் போயிட்டீங்க?"



செவ்வாய்க்கிழமை, ஐந்து பத்து. பஸ் வந்தது. செங்குட்டுவன் எல்லோருக்கும் வழிவிட்டுக் கடைசியாக வந்தார். வலது காலைத் தூக்கிப் படியில் வைத்தார். இடது கால் தரையிலேயே இருந்தது. குனிந்து ஷூவின் கயிற்றைக் கட்டத் தொடங்கினார்.

"ஏறுப்பா மேல!" என்றது முன்சீட்டு.

"சேப்டி ஷூவுங்க. கயிறு அவுந்துகினு இருந்தா தடுக்கி வுழுந்துருவேன். பாதுகாப்புன்னு நீங்கதான மனுல எழுதியிருந்தீங்க?"

டிரைவர் ஹாரன் அடித்தார். உள்ளே யாரோ சிரித்தார்கள், யாரோ கைக்கடிகாரத்தைத் தட்டினார்கள். மதில் முனையில் சாப்பாட்டுப் பையை அணைத்துக்கொண்டு வெண்மதி திரும்பினாள். "மாமா, இருங்க மாமா!" பின்னாலேயே இரண்டு பேர். இன்னும் இரண்டு பேரைக் காணவில்லை.

முடிச்சு விழுந்துவிட்டது. செங்குட்டுவன் முனையை ஒரு தரம் பார்த்தார். வலது காலை இறக்கி, இடது காலைத் தூக்கிப் படியில் வைத்து, நன்றாகக் கட்டியிருந்த அந்தக் கயிற்றை மெதுவாக இழுத்து அவிழ்த்தார்.