முதுகு பார்க்க ஓர் ஆள்

மரக்காணம் உப்பளத்தில் மழைக்காலம் வந்தால் மூன்று மாதம் வேலை கிடையாது. அந்த மூன்று மாதமும் பாஞ்சாலைக்கு வேலிகாத்தான் காடுதான் கதி. விறகு வெட்டுவாள், ஆட்டுக்குப் புல் அறுப்பாள். ஐம்பத்தாறு வயதில் முட்டிவலியைத் தவிர எதற்கும் பயப்படாத பொம்பளை. உப்பள மேஸ்திரியே அவளிடம் நாலடி தள்ளி நின்றுதான் பேசுவார்.

அந்தக் காட்டுப் புல்லில் கண்ணுக்குத் தெரியாத உண்ணி உண்டு. பாவாடை நாடா இறுக்கும் இடம், ஜாக்கெட் விளிம்பு, அக்குள் என்று இடம் பார்த்துக் கடிக்கும். ராத்திரியெல்லாம் சொறிய வைக்கும். அதற்காகவே இருபது வருஷமாக ஒரு வழக்கம் இருந்தது, அவளுக்கும் அவளோடு உப்பு வாரிய சுலோசனாவுக்கும். காட்டிலிருந்து வந்ததும் சுலோசனா வீட்டுக் கீற்றுத் தட்டிக்குப் பின்னால் போவார்கள்.

"திரும்புடி" என்பாள் சுலோசனா. முதுகு, பிடரி, காதுமடல் என்று ஒரு விரல் இடம் விடாமல் பார்ப்பாள். சிவப்பாக ஏதாவது தட்டுப்பட்டால் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுவாள். அப்புறம் அவள் திரும்புவாள், பாஞ்சாலை பார்ப்பாள். ஊர் வம்பு பாதி அங்கேதான் நடக்கும். சிரித்த சிரிப்பில் அரிப்பே மறந்துபோகும். அதை நினைத்தால் இப்போதும் பாஞ்சாலையின் முகம் மலரும், உடனே சுருங்கியும் விடும்.

சுருங்கக் காரணம் ஒரு கல்யாணப் பத்திரிகை. மூன்று வருஷத்துக்கு முன் சுலோசனா மகள் வினோதினிக்குக் கல்யாணம். ஊரில் எல்லார் வீட்டுக்கும் வெற்றிலை பாக்குத் தட்டோடு பத்திரிகை போனது. இவளுக்கு மட்டும் மகன் சதீஷின் போனில், வாட்ஸ்அப்பில் வந்தது. நம்ம பாஞ்சாலைதானே என்று சுலோசனா நினைத்துவிட்டாள். நம்ம பாஞ்சாலை கல்யாணத்துக்கே போகவில்லை. வீம்பில் இரண்டு பேரும் ஒருத்திக்கொருத்தி சளைத்தவர்கள் இல்லை. பேச்சு அதோடு நின்றது. சுலோசனாவும் மகளோடு கீழ்புத்துப்பட்டுக்குப் போய்விட்டாள்.

இந்தக் கார்த்திகையில் பாஞ்சாலை தனியாகக் காட்டுக்குப் போய் வந்தாள். இடுப்பில் அரித்த இடத்தைத் தேய்த்துக் கழுவினாள். முதுகுக்குக் கை எட்டவில்லை, விட்டுவிட்டாள்.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. ஊசி போட்டும் இறங்காததால் சதீஷ் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். டெங்கு இல்லை, டைபாய்டும் இல்லை.

"உடம்புல எங்கனா கருப்பா பொருக்கு இருக்குதாம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்."

வலிக்காத, அரிக்காத ஒன்று முதுகில் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? நர்ஸ் பார்க்க வந்தபோதும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். மறுநாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. சதீஷுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் சுலோசனாவுக்கு போன் போட்டு, டாக்டர் பொருக்கு பற்றிக் கேட்டதையும் சொன்னான்.

ஒரு மணி நேரத்தில் அவள் வந்து நின்றாள். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டாள்.

"திரும்புடி."

டாக்டருக்கும் நர்ஸுக்கும் மசியாதவள் மறுபேச்சில்லாமல் திரும்பினாள். இடது தோள்பட்டைக்குக் கீழே, ஜாக்கெட் மறைக்கும் இடத்தில், பீடியால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு.

"சிஸ்டர், இங்க ஓடியாங்க!" என்று வார்டே அதிரக் கத்தினாள் சுலோசனா.

டாக்டர் வந்து பார்த்ததும், "உண்ணிக் காய்ச்சல்தான்" என்று மருந்தை மாற்றினார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. பாஞ்சாலை ரசம் சாதம் கேட்டாள், உப்பு போதவில்லை என்று திட்டவும் செய்தாள்.

வீட்டுக்குப் போகும் நாளில் சுலோசனா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "நேர்ல வந்து பத்திரிக வெச்சிருக்கணும்டி. தப்பு என்னுதுதான்."

பாஞ்சாலை எழுந்து திரையை இழுத்துவிட்டாள்.

"திரும்பு."

"நான் எந்தக் காட்டுக்குடி போனேன்? டைல்ஸ் தரையில குந்திகினு கெடக்குறேன்."

"திரும்புன்னா திரும்பேன்டி."

சுலோசனா திரும்பினாள். மூன்று வருஷத்தில் முதுகு கொஞ்சம் பெருத்திருந்தது. மச்சம் அதே இடத்தில் இருந்தது. பாஞ்சாலை முதுகில் ஆரம்பித்து, பிடரி, காதுமடல் வரை ஒரு விரல் இடம் விடாமல் பார்த்தாள். அங்கே ஒன்றுமே இல்லை. அதைச் சொல்ல அவளுக்கு வெகுநேரம் ஆனது.