அழுக்குக்குக் கால் முளைத்த பிற்பகல்

கபிதோலினா யெகோரொவ்னா முறைத்தால், ஒலியை முந்தும் காற்றே நாலு விரற்கடை விலகிப் போகும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன்; ஆனால் விலகியது உண்மை.

லெனின்கிராடுக்கு வெளியே எங்கள் ஆய்வுக்கூடத்தில், விமான மாதிரிகள்மேல் காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் இருபது வருடம் படமெடுத்தவள் அவள். ஒலியைவிட வேகமாகப் பாயும் காற்று எஃகு மாதிரியின் மூக்கில் மோதுமுன் அதிர்ந்து, அவளுடைய கண்ணாடித் தகட்டில் ஒரு கறுத்த வில்லாக விழும். விமானத்தைப் பின்னுக்கு இழுக்கிற அதிர்வலை அதுதான். இத்தனை வருடத்தில் அவள் எடுத்த ஒரு தகடும் பழுதென்று கழிக்கப்பட்டதில்லை. பெருமைப்பட அவளிடம் வேறொன்றும் கிடையாது.

அந்த மார்ச்சில் மூக்குக்கு முன்னால் மின்சாரம் பாய்ச்சி, காற்றை ஊதாவாக ஒளிரும் பிளாஸ்மாவாக்கிப் பார்த்தார்கள். தகட்டில் வில் முன்னே தள்ளிப் போய் வெளிறிக் கிடந்தது; உண்மையென்றால், அலையே தளர்ந்துவிட்டது.

தலைவர் வலேரியான் பிளத்தோனொவிச் அதை விளக்கில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“சுரங்கத்துச் சாளரக் கண்ணாடியில அழுக்கும்மா. துடைக்கக் குடுத்த ஸ்பிரிட்ட ஊறுகா வெள்ளரியோட உள்ள தள்ளிட்டு, மிச்சத்துல தண்ணி கலந்து துடைச்சா இப்படித்தான். கழிவுச் சீட்டுல கையெழுத்துப் போடுங்க.”

போட்டால் தகடு உடைந்து குப்பைக்குப் போகும். அவள் பெயரும் கூடவே.

கபிதோலினா பேனாவைத் தொடவில்லை. பூட்டுப் போட்ட ஸ்பிரிட் டின்னைக் கொண்டுவந்து மேசைமேல் ‘டங்’கென்று வைத்தாள்.

“மோந்து பாருங்க. உங்க பொறந்த நாளுக்கே ஒரு சொட்டு குடுக்காதவ நான். மறந்துட்டீங்களா?”

சுரங்கத்துக்கான அழுத்தக் காற்றுத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் ஆர்ஹிப் சிரிப்பை இருமலாக்கினார். “எனக்கு மறக்கல, கபா. புது வருசத்துக்கு எப்படிக் கெஞ்சினேன்!”

“தொட்டியில ஒரு தடவைக்குத்தான் காத்து இருக்கு,” என்றார் தலைவர். “அதுவும் நாளைக்கு வேற வேலைக்கு.”

“அந்த ஒரு தடவை போதும். மின்சாரம் இல்லாம ஒரு தகடு, போட்டு ஒண்ணு, நிறுத்தி ஒண்ணு. அழுக்குன்னா மூணுலயும் ஒரே இடத்துல நிக்கும். அதுக்குக் கால் முளைச்சு, வெளிய போயிட்டு வீடு திரும்புமா, வலேரியான் பிளத்தோனொவிச்?”

“நகரலன்னா?”

“சீட்டோட சேத்து ராஜினாமாவும் எழுதித் தர்றேன். ஆனா கண்ணாடிய நீங்களே துடைக்கணும்.”

துடைத்தார். ஆர்ஹிப் உத்தரவுக்குக் காத்திராமல் வால்வைத் திறந்துவிட்டார். அரை நிமிடம் கட்டடமே ஊளையிட்டது. நடுவில் ஊதா ஒளி பூத்து அணைந்தது.

இருட்டறையில் தகடுகள் ஊறிய மருந்துத் தட்டைச் சுற்றி மூவரும் நின்றார்கள். முதல் தகட்டில் வில் மூக்கை ஒட்டி நின்றது. இரண்டாவதில் தள்ளிப்போய் வெளிறியது. மூன்றாவதில் ஒன்றும் அறியாததுபோலப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

தலைவர் கழிவுச் சீட்டைத் தானே கிழித்தார். பிறகு தொண்டையைச் செருமி, “ஒரு வாய் ஸ்பிரிட் கிடைச்சா…” என்றார்.

“அது கண்ணாடிக்கு,” என்றாள் கபிதோலினா. பூட்டு ‘க்ளிக்’கென்றது.

இதுவரை எழுதியதை நான் வாசித்துக் காட்டியபோது, எதிரே தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்த ஆர்ஹிப் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நாலு விரற்கடையாம்! நாலு மில்லிமீட்டர். அளந்தவன் நான். அப்புறம், பூட்டு தலைவருக்கு மட்டுந்தான். வால்வத் திறந்தவனுக்கு அரை கிளாஸ் ஊத்தினாளே, அத ஏன் விட்ட?”