எண்ணெய் படாத பாதங்கள்

எங்கள் ஊரில் காய்ச்சலால் யாரும் செத்ததில்லை. பங்குச் சுவாமியார் வந்து எண்ணெய் பூசியதால்தான் செத்தார்கள். எட்டு வயதில் நானாகவே கண்டுபிடித்த உண்மை இது. ஞானோபதேச வகுப்பில் தேவதிரவிய அனுமானங்கள் என்ற ஏழு திருச்சடங்குகளையும் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பேன். ஞானஸ்நானம் பிறந்த பிள்ளைக்கு, மெய்விவாகம் கலியாணம் கட்டுகிறவர்களுக்கு என்று எல்லாம் விளங்கியது. கடும் நோயில் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் ஐந்தாவதான அவஸ்தைப்பூசுதல் வரும்போது மட்டும் நாக்குத் தடுக்கும். வலையும் வள்ளமும் வைத்திருந்த சம்மாட்டி வீட்டுக் கிழவருக்குப் பூசினார்கள், மறுநாளே போய்விட்டார். பக்கத்து வளவு மாமிக்குப் பூசினார்கள், சுவாமியார் திரும்பிப்போக வள்ளம் ஏறுமுன்பே ஒப்பாரி கேட்டது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

பெரியவர்களும் என்னைவிடப் பெரிய புத்திசாலிகள் அல்லர். சித்தப்பாவுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்து மூன்றாம் வாரம், மருந்து கொடுத்துவந்த அப்போதிக்கரி கையை விரித்துவிட்டார். சுவாமியாருக்கு ஆளனுப்புவோம் என்றார் அம்மா. சின்னம்மா சம்மதிக்கவில்லை.

"சுவாமியைக் கண்டா அந்த மனிசன் பயத்திலையே செத்துப்போடும்."

எனக்கும் அதே பயம்தான். பிள்ளைகள் இல்லாத சித்தப்பாவுக்கு நான்தான் பிள்ளை. பெட்டைப்பிள்ளை ஏறினால் மீன் படாது என்று மற்றவர்கள் முணுமுணுக்க, என்னை வள்ளத்தின் முன்பக்கம் இருத்தி நாயாற்றுக் களப்பு முழுவதையும் சுற்றிக் காட்டியவர் அவர். இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு, கொஞ்சம் தெளிந்திருந்த நேரத்தில், "சுவாமியை வரச்சொல்லுங்கோ" என்று அவரே சொல்லிவிட்டார். அதன்பின் யார் மறுப்பது?

நான் மறுத்தேன். சுவாமியார் முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் வந்து, கழிமுகத்தை வள்ளத்தில் கடந்து, தாழம்புதர் ஓரமாக நடந்துதான் வரவேண்டும். அந்தப் பாதையில் போய்க் காத்து நின்றேன். 'சித்தப்பாவுக்குச் சுகம் வந்திட்டுது, நீங்கள் திரும்பிப் போங்கோ' என்ற பொய்யைப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

முதலில் வந்தது மணிச்சத்தம். கோயில் மூப்பர் மணியை அடித்துக்கொண்டு முன்னே வர, நற்கருணை அப்பம் இருந்த சிமிழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவாமியார் தலைகுனிந்து பின்னே வந்தார். அப்படி வரும்போது அவர் யாரோடும் பேசமாட்டார். மணி கேட்டால் மீன்கூடை சுமக்கிறவள்கூட இறக்கி வைத்துவிட்டு முழந்தாளிட வேண்டும். என் முழங்கால்கள் என்னைக் கேளாமலே மணலில் விழுந்தன. பொய்யைச் சொல்லவே இல்லை. நான் எழும்பிப் பார்த்தபோது இருவரும் எங்கள் வாசல் படலையைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

சித்தப்பா தன் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் முடியும்வரை எல்லோரையும் வெளியில் நிற்கச் சொன்னார்கள். பிறகு உள்ளே விட்டார்கள். வெள்ளைத் துணி விரித்த மேசையில் சிலுவையில் பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுதிரி, பஞ்சு. சித்தப்பா நற்கருணை வாங்கினார். பெண்கள் நன்மரணத்துக்கான மன்றாட்டைத் தொடங்கிவிட்டார்கள். சின்னம்மா சுவரோடு சாய்ந்து அழுதார். சுவாமியார் யாருக்கும் விளங்காத இலத்தீனில் சொல்லிக்கொண்டே பெருவிரலை எண்ணெயில் தொட்டுத் தொட்டுப் பூசினார். கண், காது, மூக்கு, வாய், கை. அடுத்தது கால்தான்.

நான் ஆட்களின் கால்களுக்கிடையால் ஊர்ந்துபோய், போர்வைக்குள் கைவிட்டுச் சித்தப்பாவின் பாதங்கள் இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டேன். அடுப்புக்கல் மாதிரிச் சுட்டன. அம்மா பின்னலைப் பிடித்து இழுத்தார்.

"எடி, விடு! சுவாமி பூசவேணும்."

"மாட்டன்! காலிலை பூசாதேங்கோ சுவாமி, சித்தப்பா செத்துப்போவார்!"

மன்றாட்டு நின்றுபோனது. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழாததால் கண்ணைத் திறந்தேன். "சரி, கால் இருக்கட்டும்" என்று சுவாமியார் தமிழில் சொல்லிவிட்டு, விரலைப் பஞ்சில் துடைத்து, புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டி இலத்தீனைத் தொடர்ந்தார்.

நாலாம் நாள் சித்தப்பா கஞ்சி கேட்டார். அந்தோனியாருக்கு வைத்த நேர்த்தி என்றார் அம்மா. தன் கலவை மருந்து என்றார் கைவிரித்த அப்போதிக்கரி. எனக்கல்லவா உண்மை தெரியும்! அவர் மீண்டும் வள்ளம் தள்ளப் போனபோது, ஈர மணலில் பதிந்த அந்தப் பாதங்களை என் சொந்தச் சொத்தைப்போலப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெருமையை யாரிடமும் சொல்லாமல் பல வருடம் வைத்திருந்தேன்.

பிறகு கோயிலில் இலத்தீன் போய்த் தமிழ் வந்தது. நான் வளர்ந்தபின் ஒருநாள், அயலில் படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒருவருக்கு வேறொரு சுவாமியார் எண்ணெய் பூசினார். பூசி முடித்து, இந்த நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பும், உடம்புக்கும் ஆன்மாவுக்கும் சுகம் கொடும், பழையபடி தன் வேலைக்குத் திரும்பச்செய்யும் என்று மன்றாடினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாசல்வரை அவரோடு போய், சித்தப்பாவின் கால் கதையைச் சொல்லி, பழைய இலத்தீன் புத்தகத்திலும் இப்படித்தான் இருந்ததா என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை, எப்பவும் இதே மன்றாட்டுத்தான். தகுந்த காரணமிருந்தாக் காலைப் பூசாமல் விடலாம் எண்டும் இருந்தது."

அன்று அந்த அறையில் மற்றவர்கள் எல்லோரும் சித்தப்பாவுக்கு நல்ல சாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் எழும்பி நடக்க வேண்டும் என்று இலத்தீனில் வாய்விட்டுக் கேட்டவர் அந்தச் சுவாமியார் ஒருவர்தான். அவரிடமிருந்துதான் நான் அந்தக் கால்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.