நீங்கள் பின்தொடர்கிறீர்கள்

நம்பச் சொல்லி நான் யார் காலிலும் விழப்போவதில்லை. எனக்கு நடந்தது, நடந்தபடி சொல்கிறேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருட்டுக் குழிக்குள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பவன். பேய்க்குப் பயந்தால் என் பிழைப்பு ஓடாது. ஆனால் போன மழைக்காலத்திலிருந்து என் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் நான் தனியாகப் போவதில்லை.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. என் அக்காவுக்கு அறுபத்து மூன்று. நாங்கள் இருவரும் ஆன்லைனில் ஒரு விளையாட்டு விளையாடுவோம். கத்தி, மந்திரம், மலை, காடு எல்லாம் உள்ள விளையாட்டு. சிரிக்காதீர்கள். இந்தக் காலத்துப் பையன்கள் அதில் அரக்கனை வெட்ட ஓடுவார்கள். நாங்கள் குளக்கரையில் மீன் பிடித்துக்கொண்டே மைக்கில் சுகர் மாத்திரை பற்றிப் பேசுவோம். அந்த ஊரில் எனக்கு மூட்டுவலி கிடையாது. அக்காவுக்கு மூச்சு வாங்காது. எட்டு வருடமாக விடாததற்கு அதுதான் காரணம்.

எங்களுக்கு அதைப் பழக்கிவிட்டவர் அக்காவின் கணவர், என் அத்தான். அக்காவுக்குக் கண்ணில் புரை. வழி தெரியாது. அதனால் 'பின்தொடர்' என்று ஒரு பொத்தான் உண்டு, அதை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வாள். முன்னால் போகிறவர் நடந்தால் விளையாட்டில் அவள் ஆளான பச்சை அங்கிக்காரியும் தானாகப் பின்னால் நடப்பாள். அத்தான் மட்டும் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று திரும்பிப் பார்ப்பார்.

"கயிறு கட்டின மாதிரி வர்றா. என்னத்தை அத்தான் பாக்குறீங்க?" என்று கிண்டல் செய்வேன்.

"பழக்கம்பா," என்பார். தெருவில் நடந்தாலும் அப்படித்தான்.

அத்தான் இறந்து மூன்று வருடம். அவருடைய விளையாட்டுக் கணக்கை அக்காவே மூடிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. வேறு ஊரில், இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறாள். அதன்பிறகு முன்னால் நடப்பவன் நான். அவள் நன்றாக இருக்கிறாளா என்று எனக்குத் தெரியும் ஒரே நேரம் சாயங்காலம் விளையாடும் அந்த ஒரு மணி நேரம்தான்.

அன்று ஐந்தாறு நாள் வெளியூர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தேன். மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். வெளியே மழை. சாயங்காலம் ஆறரைக்கு விளையாட்டைத் திறந்தேன்.

விளையாட்டில் நாங்கள் சந்திக்கும் சத்திரத்து வாசலில் அக்கா ஏற்கெனவே நின்றிருந்தாள்.

"என்னக்கா, சீக்கிரமே வந்துட்ட?"

எப்போதும் முதலில் "சாப்பிட்டியாடா?" என்று கேட்பவள், அன்று கேட்கவில்லை.

"மைக் ஆன் பண்ணலையா?"

பச்சை அங்கி திரும்பி நடக்க ஆரம்பித்தது. வழி தெரியாத அக்கா... எனக்கு முன்னால் போகிறாள். சரி, புரை ஆபரேஷன் செய்துகொண்டாளோ என்று நினைத்தேன்.

என் ஆள் அவள் பின்னால் நடந்தான்.

நான் எதையும் தொடவில்லை. திரையின் அடியில் ஒரு வரி. 'நீங்கள் பின்தொடர்கிறீர்கள்.'

முதல் திருப்பத்தில் அவள் நின்றாள். கொஞ்ச நேரம். பிறகு நடந்தாள். அடுத்த திருப்பத்திலும் நின்றாள். எனக்கு அத்தான் ஞாபகம் வந்தது. ஆனால் அவர் திரும்பிப் பார்ப்பார். இவள் திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே நின்றாள்.

சரளைக்கல் சத்தம். சரக்... சரக்... ஹெட்போனில் நன்றாகக் கேட்டது. என் காலடி. அவள் காலடி.

இன்னொரு காலடி.

திரையில் நாங்கள் இருவர்தான்.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன். சத்தம் நிற்கவில்லை.

மலைக்குப் பின்னால் ஒரு கல்வாசல் உண்டு. அதோடு பாதை முடிந்துவிடும். அது வெறும் சுவர் மாதிரி. எட்டு வருடத்தில் ஒருநாளும் திறந்ததில்லை.

அன்று திறந்திருந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை. கறுப்பு.

எல்லாப் பொத்தானையும் தட்டினேன். என் ஆள் நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கலாம் என்று கையை நீட்டப் பார்த்தேன்.

கை எழவில்லை.

காலும் அசையவில்லை. இடுப்புக்குக் கீழே ஐஸ் மாதிரி...

"அக்கா... போகாத..."

வாசலில் அவள் நின்றாள்.

சரக்.

மெதுவாகப் படுத்தாள். வலப்பக்கம் சாய்ந்து, கன்னத்துக்குக் கீழே கையை வைத்து.

அடியில் இருந்த வரி மறைந்தது.

என் கை எனக்குத் திரும்பி வந்தது. மணி ஆறு ஐம்பத்திரண்டு.

அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அவள் வீட்டுக்குக் கீழே இருக்கும் தையல்காரரைக் கூப்பிட்டுக் கதவை உடைக்கச் சொன்னேன். லைனிலேயே இருந்தேன். மரம் பிளக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணே... சமையல்கட்டு வாசல்ல கிடக்குறாங்க. மூச்சு இருக்கு."

"எப்படிக் கிடக்குறாங்க?"

"இதென்ன கேள்வி? ஒருக்களிச்சு... கன்னத்துல கை வச்சு."

காலையிலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். சுகர் இறங்கிவிட்டது. பத்து மணி நேரம் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தாள் என்றார் டாக்டர். ராத்திரியே அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்து ஆஸ்பத்திரி வாசலில் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

மறுநாள் அவளுக்கு மாற்றுப்புடவை எடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டர் மேஜை காலி. தூசிக்கு நடுவில் ஒரு சதுரம் மட்டும் சுத்தமாக இருந்தது.

"அது ரிப்பேர் கடைக்குப் போய் நாலு நாளாச்சே," என்றார் தையல்காரர். "நான்தான் தூக்கிட்டுப் போய்க் குடுத்தேன்."

கடைக்குப் போய்ப் பார்த்தேன். பெட்டி திறந்து கிடந்தது. பாகங்கள் தனித்தனியாக ஒரு தட்டில்.

இதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவளே என் கையைப் பிடித்தாள்.

"நீ எதுக்குடா பின்னாடியே வந்த?"

நான் கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

"அவருதான் முன்னாடி நடந்தாரு. திருப்பத்துக்குத் திருப்பம் நின்னு பார்த்தாரு. அந்தக் கல்வாசல் வந்ததும் உள்ள வான்னாரு. தம்பி பின்னாடி ஒட்டிக்கிட்டே வர்றான், நான் வந்தா அவனும் வந்துடுவான்னு சொல்லிட்டு அங்கேயே படுத்துட்டேன்."

"அத்தான்... என்ன சொன்னாரு?"

அக்கா கதவுப் பக்கம் பார்த்தாள்.

"சரின்னாரு. அடுத்த திருப்பத்துல நிக்கிறேன்னாரு."